மருத்துவக் கருவி செய்ய நினைப்போருக்கு வேலூரில் ஒரு தொழில் திட்டப் பயிற்சி: சேர்ந்து படித்தவனின் மதிப்பீடு

வேலூரில் வார இறுதி நாட்களில் மட்டும் நடைபெறும் மருத்துவக் கருவித் தொழில்முனைவோர் பயிற்சி ஒன்றில் சென்ற ஆண்டு சேர்ந்து முடித்தேன். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஓடும் வகுப்பு. கட்டணம் 18,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. நடத்துகிற நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன். குறைகளையும் எழுதப் போகிறேன் என்பது ஒரு காரணம். இதே வடிவத்தில் மற்ற ஊர்களிலும் பயிற்சிகள் நடப்பதால், பெயரைவிட எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்பதே படிப்பவருக்குப் பயன்படும் என்பது இன்னொரு காரணம். தேவையைக் கண்டறியும் பகுதியும் உரிமம், தரச் சான்று பற்றிய பகுதியும் கொடுத்த காசுக்கு மேலேயே திருப்பித் தந்தன. பணக் கணக்கைக் கற்பித்த பகுதி, மொபைல் செயலி தொடங்குபவருக்குத் தைத்த சட்டையை மருத்துவக் கருவிக்காரனுக்கு மாட்டிவிட்டது போல இருந்தது. பயிற்சி முடிந்த பிறகு தருவதாகச் சொன்ன வழிகாட்டுதல் பெயரளவுக்குத்தான் நடந்தது.

எங்களுடையது ராணிப்பேட்டையில் ஏற்றுமதி ஷூ கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்காக ஷூவின் உள்ளே காலுக்கு அடியில் வரும் இன்சோல் வெட்டித் தரும் சிறு பட்டறை. ஆர்டர் வந்தால் இரவு ஷிப்ட், வராவிட்டால் ஆட்களைத் தக்கவைக்க முன்பணம் என்று போகும் இந்தத் தொழிலில், சொந்தப் பெயரில் ஒரு பொருள் வேண்டும் என்பதற்காகச் சர்க்கரை நோயாளிகளுக்கான காலணி செய்யலாம் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்களுக்கு இது புது யோசனை அல்ல. 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் உணர்ச்சியிழந்த கால்களில் புண் வருவதற்கு, வலி தெரியாததால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே காரணம் என்று எடுத்துக்காட்டினார். அந்த வழியில் வந்ததுதான் எம்.சி.ஆர். எனப்படும் மைக்ரோசெல்லுலர் ரப்பர் பதித்த செருப்பு. ஆணி அடிக்காமல் பசையாலும் தையலாலும் சேர்ப்பது, ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவுகோலில் 15 அளவுள்ள மென்மையான ரப்பரை உள்ளே வைப்பது என்று அதற்கான இலக்கணம் வேலூரிலும் பக்கத்திலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் உருவானது. சர்க்கரை நோயாளிகளின் மரத்துப் போன பாதத்துக்கும் அதே செருப்பைத்தான் இன்று எழுதிக் கொடுக்கிறார்கள். தோலும் ரப்பரும் ஆட்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது இதைச் செய்து விற்பதில் என்ன சிரமம் இருக்கப் போகிறது என்ற நினைப்போடுதான் பெரும்பாலோர் இப்படிப்பட்ட வகுப்புக்குள் நுழைகிறார்கள் என்பது மற்றவர்களோடு பேசியபோது தெரிந்தது. குடியாத்தத்திலிருந்து வந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கைவிரல்களுக்கான பயிற்சிக் கருவி ஒன்று இருந்தது. பயோமெடிக்கல் படித்து முடித்த இரண்டு இளைஞர்களிடம், டிரிப்ஸ் பாட்டில் தீரும் தறுவாயில் ஒலியெழுப்பும் கருவி ஒன்று, பெட்டியும் ஒயருமாக, ஏற்கெனவே இயங்கிக் கொண்டிருந்தது.

தொடக்க வாரங்களில், கையில் இருக்கும் பொருளைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. 2001இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பயோடிசைன் முறைதான் பாடத்தின் முதுகெலும்பு. சில ஆண்டுகள் கழித்து டெல்லி எய்ம்ஸும் டெல்லி ஐ.ஐ.டி.யும் அதோடு சேர்ந்து இந்தியாவிலும் அந்தப் பயிற்சியைத் தொடங்கின. முதலில் தேவையைத் தேடு, பிறகு கருவியை யோசி, அதன் பிறகே தொழிலைத் திட்டமிடு என்பது அதன் வரிசை. தேவையை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். என்ன சிக்கல், யாருக்கு, எது மாறினால் தீர்ந்ததாகக் கொள்வது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். தீர்வு மட்டும் அந்த வாக்கியத்தில் தலைகாட்டக் கூடாது. கேட்பதற்கு எளிது. ‘மலிவான செருப்பு வேண்டும்’ என்று நான் எழுதிக் கொடுத்த தாளில் செருப்பு என்ற சொல்லைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பித் தந்தார்கள்.

பயிற்சியாளர்கள் ஏற்பாடு செய்திருந்த மருத்துவமனை ஒன்றின் பாதப் பராமரிப்புப் பிரிவில் உட்கார்ந்து பார்க்கும்படி அனுப்பியபோதுதான் அந்தச் சிவப்புச் சுழியின் பொருள் விளங்கியது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி ஒருவர், பெருவிரலுக்குக் கீழே புண்ணோடு வந்திருந்தார். அவருடைய எம்.சி.ஆர். செருப்பைச் செவிலியர் கழற்றி ஓரமாக வைத்தபோது, தொழில் பழக்கத்தில் அதன் அடிப்பாகத்தைப் புரட்டிப் பார்த்தேன். சோலின் வரிகள் கடையிலிருந்து எடுத்து வந்தது போலக் கூர்மையாக இருந்தன. வார்ப்பட்டையின் வெல்க்ரோவில் தூசுகூட ஏறவில்லை. எழுதிக் கொடுத்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது என்று சீட்டில் தேதி இருந்தது. “போட்டுக்கறது இல்லையாம்மா?” என்று செவிலியர் கேட்டதற்கு, “ஆஸ்பத்திரிக்கு வர்றப்ப மட்டும் போடுறேன் சிஸ்டர். வீட்டுக்குள்ள செருப்போட நடந்தா வீடு வௌங்குமா?” என்றார். நாளின் பெரும்பகுதி அடுப்படியிலும் வாசலிலும் கழியும் ஒருவருக்கு, வாசற்படிக்கு வெளியே கழற்றி விடும் பொருளை எவ்வளவு மலிவாகச் செய்து கொடுத்தாலும் புண் ஆறாது. இன்னொருவர், கடைக்காரர் ஒருவரே ‘இது பெருநோய்க்காரங்க போடுறதாச்சே’ என்று கேட்டுவிட்டதால் அந்தக் கறுப்புச் செருப்பைத் தொடுவதே இல்லை என்றார். விலை பற்றிப் பேசியவர்களும் இருந்தார்கள், ஆனால் எண்ணிக்கையில் குறைவு. வகுப்புக்குத் திரும்பி எழுதிய புதிய வாக்கியத்தில் வீட்டுக்குள் நடக்கும் நேரம் வந்தது, பார்த்ததும் நோயைக் காட்டிக் கொடுக்காத தோற்றம் வந்தது, செருப்பு மறைந்தது. பயிற்சியில் எனக்குக் கிடைத்தவற்றுள் விலை மதிப்புள்ளது இதுவே. இதை அறைக்குள் உட்கார்ந்து ஸ்லைடு போட்டுக் கற்பிக்க முடியாது என்று தெரிந்து வெளியே அனுப்பியதற்காகப் பாடத்தை வகுத்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

அடுத்து, பயன்படுத்துபவர், பரிந்துரைப்பவர், வாங்குவதைத் தீர்மானிப்பவர், பணம் கொடுப்பவர் என்று மருத்துவக் கருவிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் உண்டு என்பதை ஒரு முழு நாள் எடுத்துச் சொன்னார்கள். டிரிப்ஸ் கருவி இளைஞர்கள் திணறியது இங்கேதான். அவர்களுடைய கருவியால் நிம்மதியடைபவர் இரவுப் பணிச் செவிலியர். வார்டில் ஒலி கூடுவதைப் பற்றிக் கவலைப்படுபவர் மருத்துவர். பழுதானால் பார்க்க வேண்டியவர் பயோமெடிக்கல் பிரிவுக்காரர். வாங்கலாமா என்று முடிவெடுப்பவர் கொள்முதல் அதிகாரி. முதலாமவர் மனம் குளிர்ந்தாலும் கடைசி ஆளின் கையெழுத்து இல்லாமல் ஒரு பைசா வராது. வேலூருக்கே உரிய இன்னொரு நிலையையும் எடுத்துக்கொண்டது நன்றாக இருந்தது: மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்து சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்கும் நோயாளி தன் கைப்பணத்தில் வாங்குகிறார், ஊருக்குப் போன பிறகு கருவி பழுதானால் சர்வீஸுக்கு வேலூர் வர முடியாது. அப்படியானால் உத்தரவாதச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்ற கேள்விக்கு வகுப்பில் யாரிடமும் சட்டென்று விடை இல்லை.

விலை நிர்ணயத்துக்கு எடுத்துக்கொண்ட உதாரணங்களும் பொருத்தமானவை. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இதய ஸ்டென்டுகளுக்கு உச்சவரம்பு விதித்தபோது, மருந்து பூசிய ஸ்டென்டின் விலை 29,600 ரூபாய்க்கும் சாதாரண உலோக ஸ்டென்டின் விலை 7,260 ரூபாய்க்கும் இறங்கியதை வைத்து, இடைத்தரகு லாபத்தை நம்பி எழுதிய தொழில் திட்டம் ஒரே அறிவிப்பில் எப்படிக் கவிழும் என்று காட்டினார்கள். உச்சவரம்பு இல்லாத கருவிகளுக்கும் அதிகபட்ச சில்லறை விலையைப் பன்னிரண்டு மாதத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற விதி இருப்பதால், தொடக்க விலையைக் குறைத்து வைத்துச் சந்தையைப் பிடித்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கு இந்தத் துறையில் செல்லாது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1992இல் தொடங்கிய ஆரோலேப் வைக்கப்பட்டது. கண்புரை அறுவைக்கான உள்விழி லென்ஸை இறக்குமதி விலையின் ஒரு சிறு பங்குக்கு அவர்களால் தர முடிந்ததற்கு, செய்து முடிக்கும் முன்பே வாங்கப் போகிறவர் யார், ஆண்டுக்கு எத்தனை என்பது பக்கத்திலேயே தெரிந்திருந்ததும் ஒரு காரணம். அப்படி ஒரு மருத்துவமனை பின்னால் இல்லாத நம்மைப் போன்றவர்கள் அந்த உதாரணத்திலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம், எதை எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் பேசியிருக்கலாம். நேரமில்லை என்று நகர்ந்துவிட்டார்கள்.

உரிமம் பற்றிய வகுப்புகளை எடுத்தவர், சென்னையிலிருந்து காலை ரயிலில் காட்பாடி வந்து இறங்கும் ஓர் அம்மையார். கருவித் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் நெடுங்காலம் பணியாற்றியவர். பயிற்சியின் ஆகச் சிறந்த ஆசிரியர் அவரே. 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆபத்தின் அளவை வைத்துக் கருவிகளை ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பாக அவை பிரிக்கின்றன. பஞ்சும் காயக்கட்டுத் துணியும் ஏ. வெப்பமானியும் ரத்த அழுத்தமானியும் பி. எலும்புக்குள் பொருத்தும் தகடு போன்றவை சி. இதய வால்வு டி. முதல் இரண்டு வகுப்புகளின் தயாரிப்பு உரிமத்துக்கு மாநில அதிகாரியிடமும், பின்னிரண்டுக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடமும் விண்ணப்பிக்க வேண்டும். ஏ, பி வகுப்புகளுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், சி, டி வகுப்புகளுக்கு 2023 அக்டோபர் 1 முதலும் உரிமம் கட்டாயம். கிருமி நீக்கமும் அளவிடும் பணியும் இல்லாத ஏ வகுப்புக் கருவிகளுக்கு மட்டும் உரிமத்துக்குப் பதில் பதிவு போதும். இவ்வளவையும் எந்தக் கையேட்டிலும் படித்துக்கொள்ளலாம். அவர் செய்தது வேறு: ஒவ்வொரு விதியையும் ரூபாயாகவும் மாதமாகவும் மாற்றிப் பலகையில் எழுதினார்.

ஏ, பி வகுப்புக்குத் தயாரிப்பு உரிமக் கட்டணம் ஓர் இடத்துக்கு 5,000 ரூபாய், ஒவ்வொரு தனிக் கருவிக்கும் 500 ரூபாய். சி, டி வகுப்புக்கு 50,000 ரூபாயும் கருவிக்கு 1,000 ரூபாயும். இதைக் கேட்டதும் வகுப்பில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. அதை அடக்குவதற்கு அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. அரசுக்குக் கட்டுவது செலவின் நுனி மட்டுமே. ஐ.எஸ்.ஓ. 13485 தர முறைமையைப் பட்டறைக்குள் கொண்டுவருவது, ஐ.எஸ்.ஓ. 14971இன்படி ஆபத்துகளைப் பட்டியலிட்டுக் குறைத்த ஆவணம், மின்சாரத்தில் இயங்கினால் ஐ.இ.சி. 60601 சோதனை, உடலோடு ஒட்டும் பொருளானால் ஐ.எஸ்.ஓ. 10993 சோதனை, உள்ளே மென்பொருள் இருந்தால் ஐ.இ.சி. 62304 என்று அடுக்கிக்கொண்டே போனார். சோதனைக்கு அனுப்பும் மாதிரியைச் செய்வதற்கே எம்.டி. 12 படிவத்தில் விண்ணப்பித்து எம்.டி. 13 சோதனை உரிமம் வாங்க வேண்டும். அது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். சந்தையில் ஏற்கெனவே அதுபோன்ற கருவி இல்லையென்றால் மனிதர்களிடம் ஆய்வு நடத்த எம்.டி. 22 விண்ணப்பமும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் சேர்ந்துகொள்ளும். டிரிப்ஸ் கருவி இளைஞர்களுள் ஒருவர், “மேடம், எங்க ப்ரோட்டோடைப் மூணு மாசமா ஒரு தடவைகூட ஃபெயில் ஆகலை” என்றார். “வேலை செய்யுதுன்னு எனக்குத் தெரியுது தம்பி. அதை உங்க ஃபைல் சொல்லுதா?” என்று கேட்டு, எந்தத் தேதியில், எந்தப் பதிப்பு, எத்தனை மணி நேரம், யார் பார்த்தது, கையெழுத்து எங்கே என்று வரிசையாகக் கேட்டார். அந்தப் பையன் மொபைலை எடுத்து வாட்ஸ்அப் படங்களைக் காட்டினான். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. வடிவமைப்புக் கோப்பு ஒன்றை எப்படித் தொடங்குவது என்று அன்று மாலை வரை உட்கார்ந்து அந்த இருவருக்கும் சொல்லிக் கொடுத்தார்.

இந்தத் தொழிலில் காலம் எவ்வளவு நீளும் என்பதற்குத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையத்தின் இதய வால்வை எடுத்துச் சொன்னதும் அவரே. எம்.எஸ். வலியத்தான் தலைமையில் எழுபதுகளின் பிற்பகுதியில் தொடங்கிய முயற்சி, பொருள் தேர்விலேயே பலமுறை தோற்று, 1990 டிசம்பரில்தான் முதல் நோயாளியின் நெஞ்சுக்குள் சென்றது, டி.டி.கே. குழுமம் தயாரிப்பை ஏற்றுக்கொண்டதால் சந்தைக்கு வந்தது. அரசு நிறுவனத்தின் சம்பளமும் ஆய்வுக்கூடமும் இருந்ததால் அத்தனை ஆண்டுகள் தாங்க முடிந்தது. வங்கிக் கடனில் நிற்கும் ஒருவரால் எத்தனை மாதம் தாங்க முடியும் என்பதைத் தொழில் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னார். என் திட்டத்தில் முதல் விற்பனைக்கான மாதம் இந்த வகுப்புக்குப் பிறகு வெகுதூரம் தள்ளிப் போயிற்று.

காப்புரிமை வகுப்பு அரை நாளில் முடிந்தது, அதுவே போதும். விண்ணப்பிக்கும் முன் கண்காட்சியில் வைத்துவிட்டால் புதுமை போய்விடும், தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்த பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு தர வேண்டும், சிகிச்சை முறைக்குக் காப்புரிமை கிடையாது ஆனால் கருவிக்கு உண்டு என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால் மீதியை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். நிதித் திட்டம் கற்பித்தவர் மென்பொருள் நிறுவனம் நடத்தியவர். சுறுசுறுப்பானவர், ஆனால் அவருடைய எக்செல் தாளில் கச்சாப் பொருள் இருப்புக்கு வரியே இல்லை. சந்தையின் அளவைக் கணக்கிடும் பயிற்சியில், 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு விழுக்காட்டினர் வாங்கினால் என்ன வரும் என்று பெருக்கச் சொன்னார். தொகை கண்ணைப் பறித்தது. அதைக் கொண்டு ஒரு சதுர அடி தோல்கூட ஆர்டர் செய்ய முடியாது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பாதப் பரிசோதனை செய்யும் மருத்துவமனைகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் வாரத்துக்கு எத்தனை பேருக்குச் செருப்பு எழுதுகிறார்கள், என் கட்டிங் ஆள் ஒரு நாளில் எத்தனை ஜோடி முடிப்பார், அளவுக்கேற்பத் திருத்தும் வேலைக்கு எத்தனை நிமிடம் என்று கீழிருந்து கட்டும் கணக்குதான் உற்பத்தித் தொழிலுக்கு உதவும். கேட்டதற்கு, ‘முதலீட்டாளர்கள் பெரிய எண்ணைத்தான் பார்ப்பார்கள்’ என்றார். எங்கள் வகுப்பில் வென்ச்சர் முதலீட்டை நாடக்கூடிய திட்டம் இரண்டோ மூன்றோதான் இருந்திருக்கும்.

மற்றவர்களுக்கு வேண்டியது வங்கி மேலாளர் ஏற்கும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட். மாவட்டத் தொழில் மையத்தின் வழியாகத் புதிய தொழில்முனைவோருக்குத் தமிழக அரசு தரும் நீட்ஸ் திட்டத்தில் 25 விழுக்காடு முதலீட்டு மானியமும் 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. மத்திய அரசின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமான பி.எம்.இ.ஜி.பி.யில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் மதிப்பு வரை விண்ணப்பிக்கலாம். இவை இரண்டும் இரண்டு மாதப் பாடத்தில் ஓர் இடத்தில்கூடப் பேசப்படவில்லை. உயிரித் தொழில்நுட்பத் தொழில்களுக்கு உதவும் மத்திய அரசின் பைராக் அமைப்பு தரும் பிக் மானியம், 18 மாதத்துக்கு 50 லட்சம் வரை, நன்றாக விளக்கப்பட்டது. ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியும் அப்படியே. ஆனால் மானியம் கிடைக்காதவன் என்ன செய்வது என்பதற்குப் பாடத்தில் இடம் இல்லை. மருத்துவமனைகளிடமிருந்து பணம் வர மாதங்கள் ஆகும் என்று எல்லோரும் சொன்னார்கள். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருப்பதையும், தராவிட்டால் வாங்குபவருக்கு வருமான வரிக் கழிவு தள்ளிப் போகும் என்பதையும் நிதி வகுப்பு தொடவில்லை. மதிய உணவு இடைவேளையில் ஆம்பூரிலிருந்து வந்திருந்த ஆடிட்டர் ஒருவர் சொல்லித்தான் பலருக்குத் தெரிந்தது. அவரையே அந்த வகுப்பை எடுக்கச் சொல்லியிருக்கலாம்.

விளக்கம் தமிழில் இருந்தாலும் பாடக் குறிப்புகளும் திட்டப் படிவமும் முழுக்க ஆங்கிலத்தில் இருந்ததும் குறையே. வார்டு வேலையை நன்கு அறிந்த செவிலியர் ஒருவர் படிவத்தை நிரப்ப இன்னொருவரை நாட வேண்டியிருந்தது. வகுப்பில் வந்த தேவைகளில் கூர்மையான ஒன்று அவருடையது. கூடமும் சாப்பாடும் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. இறுதி நாளில் நடுவர்கள் முன் திட்டத்தைப் படைக்கும் நிகழ்ச்சியில் ஆளுக்கு ஐந்து நிமிடம். அதற்கான ஒத்திகைக்கு ஒரு வார இறுதியை முழுதாகச் செலவிட்டது வீண். அந்த இரண்டு நாளையும் விலைக் கணக்குக்குக் கொடுத்திருக்கலாம்.

முடித்த பிறகு ஆறு மாதத்துக்கு மாதம் ஒரு முறை வழிகாட்டி ஒருவர் திட்டத்தைச் சரிபார்ப்பார் என்று சேர்க்கைத் துண்டறிக்கையில் அச்சிட்டிருந்தார்கள். முதல் சந்திப்பு தள்ளித் தள்ளிப் போய் ஒரு வீடியோ அழைப்பாக நடந்தது. அதன் பிறகு அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு ‘விரைவில் தெரிவிக்கிறோம்’ என்ற பதிலே வந்தது. கட்டணத்தில் இதற்கும் சேர்த்துத்தான் வாங்கினார்கள் என்பதால் இது சின்ன விஷயம் அல்ல. உரிம வகுப்பெடுத்த அம்மையார் மட்டும், தம் கடமை இல்லையென்றாலும், தொலைபேசியில் கேட்ட சந்தேகங்களுக்கு இன்றும் பொறுமையாகப் பதில் சொல்கிறார்.

கையில் மாதிரிக் கருவியோ, நேரில் கண்ட ஒரு மருத்துவச் சிக்கலோ இருப்பவர்கள் சேரலாம். யோசனை எதுவும் இல்லாமல் சான்றிதழுக்காக வரும் கல்லூரி மாணவர்களுக்கு இந்தத் தொகை அதிகம். சேருவதற்கு முன் நடத்துபவர்களிடம் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: மருத்துவமனைக்குள் உட்கார்ந்து பார்க்க அனுமதி எத்தனை நாளுக்கு, நிதி வகுப்பை எடுப்பவர் பொருள் செய்து விற்ற அனுபவம் உள்ளவரா, பிந்தைய வழிகாட்டி யார், அவரைச் சந்திக்கும் தேதிகள் எவை. கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாம் என்று கேட்டால் ஒப்புக்கொள்கிறார்கள். இரண்டாவது தவணையை வழிகாட்டியின் பெயர் தெரிந்த பிறகு கட்டுவது நல்லது.